மின்சார ஏடும் மறதியும்



மலர்க் குழுவினர் இம்முறை என்னிடம் கேட்டது ஒரு வரலாற்றுக் கட்டுரை. வரலாறு என்றதும் நமக்குச் சோழரும் பல்லவரும்தான் நினைவுக்கு வருவார்கள். அதையெல்லாம் எழுத வரலாற்றுத் துறை நண்பர்கள் இருக்கிறார்கள். இயற்பியல் படித்துவிட்டு, முப்பது வருஷத்துக்கு மேல் கம்ப்யூட்டரோடு மாரடித்தவன் நான். எனக்குத் தெரிந்த வரலாறெல்லாம், கம்ப்யூட்டர் எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது, எப்படி மறக்கிறது என்பதுதான்.

அதிலும் ஒரு குறிப்பிட்ட மறதியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். இன்று நம் லேப்டாப்புகளில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க் அல்ல, எஸ்.எஸ்.டி. என்கிற சிப் தட்டு. நேற்று எழுதியதை அது கண்மூடித் திறப்பதற்குள் படித்துவிடுகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் எழுதி, பிறகு தொடாமல் விட்டதைப் படிக்கும்போது சில தட்டுகள் தடுமாறுகின்றன. ஏன் இப்படி? இது எப்போது வெளிச்சத்துக்கு வந்தது? நமக்கு இதில் என்ன கவலை? கவலை உண்டு. நம் சங்கத்தின் பழைய புகைப்படங்களெல்லாம் இப்போது இத்தகைய தட்டுகளில்தான் குடியிருக்கின்றன.

மறப்பதற்கென்றே பிறந்த நினைவு

மின்னேற்றத்தை வைத்து எண்களைச் சேமிக்கலாம் என்ற எண்ணம் பழையது. அமெரிக்காவின் அயோவா மாநிலக் கல்லூரியில் ஜான் அட்டனசாஃப் என்ற இயற்பியல் பேராசிரியரும் கிளிஃபர்ட் பெர்ரி என்ற அவருடைய மாணவரும் 1939 முதல் 1942 வரை ஒரு கணக்கிடும் இயந்திரம் கட்டினார்கள். சுழலும் உருளை ஒன்றில் வரிசையாக மின்தேக்கிகள். மின்னேற்றம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். மின்தேக்கி ஒழுகும் என்பது முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். ஆகவே உருளை ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும், இருப்பதைப் படித்து அதையே திரும்ப எழுதிவைத்தார்கள். அட்டனசாஃப் இதற்கு வைத்த பெயர் 'ஜாகிங்'. தூங்கி விழுகிறவனைத் தட்டித் தட்டி எழுப்புவது போல.

அடுத்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகம். ஃபிரெடி வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் பழைய டி.வி.யில் இருந்ததைப் போன்ற படக்குழாயின் திரையில், மின்னேற்றப் புள்ளிகளாக எண்களை எழுதினார்கள். நொடியின் சிறு பகுதிக்குள் புள்ளி மங்கிவிடும். அதற்குள் படித்துத் திரும்ப எழுத வேண்டும். இந்தக் குழாயை நம்பித்தான் 1948 ஜூன் 21 அன்று, தன் நினைவிலேயே நிரலைச் சேமித்து வைத்து ஓட்டிய முதல் கம்ப்யூட்டர் ஓடியது.

பிறகு ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அவ்வளவுதான் ஒரு அறை. 1968-ல் காப்புரிமை பெற்றார். நாம் இன்று 'ரேம்' என்று சொல்வது அதன் வாரிசுதான். அதுவும் ஒழுகும், வழக்கமாக 64 மில்லி நொடிக்குள் எல்லா அறைகளையும் ஒரு சுற்று புதுப்பித்தாக வேண்டும். இந்தக் கட்டுரையை நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் இந்த நிமிஷத்திலும் என் கம்ப்யூட்டருக்குள் அந்த வேலை ஓயாமல் நடக்கிறது. கரண்ட் போனால் போச்சு.

ஆக, முதல் பாடம் இது: மின்னேற்றத்தில் எழுதியது தானாக நிலைக்காது. யாராவது திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

மறக்காத நினைவைத் தேடி

மின்சாரம் இல்லாமலும் மறக்காத சிப் ஒன்று வேண்டும் என்ற ஆசை அப்போதிருந்தே உண்டு. சியோலில் பிறந்த டாவோன் காங் என்பவரும் சைமன் சே என்பவரும் 1967-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழி சொன்னார்கள். டிரான்சிஸ்டருக்குள் ஒரு சிறு மின்கடத்தித் தீவை வைத்து, அதைச் சுற்றிலும் காப்புப் பொருளால் மூடிவிடுவது. அந்தத் தீவுக்குள் எலக்ட்ரான்களைத் தள்ளிவிட்டால் அவை வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே கிடக்கும். இதற்கு 'மிதக்கும் கேட்' என்று பெயர்.

1971-ல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன், இதே வகையில் ஈப்ராம் சிப்பைக் கொண்டுவந்தார். முதுகில் குவார்ட்ஸ் ஜன்னலும், அதன்மேல் ஒட்டிய காகிதமுமாக நம்மில் பலர் ஆய்வுக்கூடங்களில் கையாண்ட சிப்தான் அது. அழிக்க வேண்டுமானால் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துவிட்டு டீ குடித்து வரலாம்.

ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபூஜியோ மசுவோகா, விளக்கு இல்லாமல் மின்சாரத்தாலேயே ஒரு பெரும்பகுதியை ஒரே மூச்சில் அழிக்கும் வழியை 1984-ல் ஒரு மாநாட்டில் அறிவித்தார். கேமரா ஃபிளாஷ் போலப் பளிச்சென்று அழிகிறதே என்று சக ஊழியர் ஒருவர் சொல்ல, 'ஃபிளாஷ்' என்ற பெயர் நிலைத்தது. நம் பேட்ச் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்த அதே வருஷம்! 1987-ல் மசுவோகா குழுவினர் 'நாண்ட்' என்ற இன்னும் நெருக்கமான அமைப்பைச் சொன்னார்கள். பென் டிரைவ், மெமரி கார்டு, செல்போன், எஸ்.எஸ்.டி. எல்லாம் இதன் பிள்ளைகள்.

1988-ல் அமெரிக்காவில் சன்டிஸ்க் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் (பின்னாளில் சான்டிஸ்க்) 1991-ல் ஐ.பி.எம்.முக்கு 20 எம்.பி. கொள்ளும் சிப் தட்டைக் கொடுத்தது. விலை சுமார் ஆயிரம் டாலர். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவர், கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா.

தங்க இலை மின்காட்டி

இங்கே நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு நடை போய்வருவோம். கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு தங்க இலைகள் தொங்குமே, நினைவிருக்கிறதா? மின்னேற்றினால் இலைகள் விலகி நிற்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்லத் தொய்ந்து சேர்ந்துவிடும். மழைக்காலமென்றால் செய்முறைத் தேர்வு முடிவதற்குள்ளேயே தொய்ந்துவிடும். எந்தக் காப்பும் முழுக் காப்பல்ல என்பதை நமக்குக் காட்டிய கருவி அது.

ஃபிளாஷ் சிப்பின் ஒவ்வொரு அறையும் அப்படி ஒரு நுண்ணிய மின்காட்டிதான். காப்புப் படலத்தை ஊடுருவி எலக்ட்ரான்கள் ஒன்றிரண்டாகக் கசிகின்றன. சூடு ஏறினால் கசிவு கூடும். எழுதி அழித்து எழுதி அழித்துப் படலம் தேய்ந்தாலும் கூடும். முன்பெல்லாம் இது பெரிய விஷயமல்ல. ஒரு அறையில் ஒரு பிட். எலக்ட்ரான் உண்டா, இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதும். கொஞ்சம் கசிந்தாலும் 'உண்டு' என்பது 'உண்டு'தான்.

விலையைக் குறைக்க வேண்டுமே! ஒரு அறையில் இரண்டு பிட் வைத்தார்கள். அதற்கு நான்கு நிலைகள் வேண்டும். பிறகு மூன்று பிட், எட்டு நிலைகள். இதற்கு டி.எல்.சி. என்று பெயர். ஒரு டம்ளரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது வேறு. எட்டுக் கோடு போட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பது வேறு. அறையையும் 20 நானோமீட்டருக்குக் கீழே சுருக்கிவிட்டதால், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சில பத்து எலக்ட்ரான்கள் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கினால் என்ன ஆகும்? தட்டுக்குள் கண்ட்ரோலர் என்ற ஒரு சிறு மூளை இருக்கிறது. வழக்கமான அளவுகோலை வைத்துப் படிக்கும். பிழைகள் குறைவாக இருந்தால் கணக்குப் போட்டுத் திருத்திவிடும். பிழைகள் எல்லை மீறினால், அளவுகோலைச் சற்றுக் கீழிறக்கி மறுபடி படிக்கும். அப்படியும் சரிவராவிட்டால் இன்னும் இறக்கி இன்னொரு முறை. கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்கிற தாத்தா, கையைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்ப்பாரே, அதுபோல. கடைசியில் படித்துவிடும். ஆனால் ஒவ்வொரு முயற்சிக்கும் நேரம் ஆகும். பழைய ஃபைல் மெதுவாக வருவதன் ரகசியம் இவ்வளவுதான்.

2014: குட்டு வெளிப்பட்டது

இது ஊரறிந்த விஷயமானது தென்கொரியாவின் சாம்சங் நிறுவனத்தின் 840 ஈவோ என்ற தட்டினால். சாம்சங் 2012-ல் 840 என்ற தட்டில் டி.எல்.சி. சிப்பைச் சாதாரண வாடிக்கையாளர்களுக்குக் கொண்டுவந்தது. 2013-ல் அதன் தம்பியாக ஈவோ வந்தது. 120 ஜி.பி. முதல் 1 டி.பி. வரை, நொடிக்கு 540 எம்.பி. படிக்கும் என்று அட்டையில் எழுதியிருந்தார்கள். விலையும் கட்டுப்படியானது. அமோகமாக விற்றது.

ஒரு வருஷம் போனது. 2014-ல் வாங்கியவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். புதிதாக எழுதிய ஃபைல் முழு வேகத்தில் வருகிறது; சில மாதங்களுக்கு முன் எழுதிய ஃபைல் நொடிக்கு 100 எம்.பி.க்கும் கீழே இறங்கிவிடுகிறது. சாதாரண ஹார்டு டிஸ்க்கே அதைவிடத் தேவலை என்ற நிலை. வேடிக்கை என்னவென்றால், அதே ஃபைலை நகல் எடுத்து அதே தட்டில் மறுபடி எழுதினால், நகல் முழு வேகத்தில் வருகிறது! தட்டு தேயவும் இல்லை, ஏறத்தாழ புதுசு. ஆக, வயதானது தட்டுக்கு அல்ல, எழுத்துக்கு.

செப்டம்பர் 2014-ல் சாம்சங் ஒப்புக்கொண்டது. காலப்போக்கில் மின்னேற்ற மட்டம் நகர்வது எதிர்பார்த்ததுதான். அதை ஈடுகட்டவேண்டிய கண்ட்ரோலர் நிரலில்தான் குறை என்பது விளக்கத்தின் சாரம். அக்டோபர் 15 அன்று ஒரு சீரமைப்பு மென்பொருள் வெளியிட்டார்கள். அது முதலில் தட்டின் ஃபர்ம்வேரை மாற்றும். பிறகு பழைய தகவல் முழுவதையும் ஒரு முறை படித்துத் திரும்ப எழுதும். வேகம் திரும்பியது. பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

தீரவில்லை. 2015 தொடக்கத்தில் மறுபடி அதே புகார். அந்த ஏப்ரலில் இரண்டாவது ஃபர்ம்வேர் வந்தது. இம்முறை கண்ட்ரோலரை மட்டும் நம்பவில்லை; தட்டு சும்மா இருக்கும் நேரங்களில் பழைய தகவலைத் தானாகவே அவ்வப்போது எடுத்துத் திரும்ப எழுதும்படி செய்துவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள் நண்பர்களே, 1942-ல் அட்டனசாஃப் செய்த அதே ஜாகிங்! அங்கே நொடிக்கணக்கு, இங்கே மாதக்கணக்கு. வித்தியாசம் அவ்வளவே.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தட்டு மின்சாரத்தோடு இணைந்திருந்தால்தான் இந்தப் புதுப்பிப்பு நடக்கும். பீரோவுக்குள் கிடக்கும் தட்டைத் தட்டி எழுப்ப ஆளில்லை.

அறையைச் சுருக்குவதை நிறுத்திவிட்டு, அடுக்குமாடி வீடு போல மேலே மேலே கட்டும் முறையை சாம்சங் 2013-லேயே தொடங்கியிருந்தது. 2014 இறுதியில் வந்த 850 ஈவோ அப்படிக் கட்டியது. அறைகள் பெரிதானதால் எலக்ட்ரான்களும் அதிகம். கசிவின் பாதிப்பும் குறைந்தது. ஆனால் மனிதன் சும்மா இருப்பானா? ஒரு அறையில் நான்கு பிட், பதினாறு நிலைகள் கொண்ட கியூ.எல்.சி. தட்டுகள் இன்று கடைகளில் சர்வ சாதாரணம். கோடுகள் மறுபடி நெருங்கிவிட்டன.

நம் சங்கத்துத் தட்டு

2018-ல் நம் சங்கத்தில் ஒரு நல்ல காரியம் செய்தோம். பழைய குரூப் போட்டோக்கள், விடுதி நாள் படங்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரின் குரல் பதிவுகள் எல்லாவற்றையும் திரட்டி, வெளியில் இணைக்கும் எஸ்.எஸ்.டி. ஒன்றில் ஏற்றிச் சங்க அலுவலகப் பீரோவில் வைத்தோம். 2023-ல் ஒரு நாள் பொருளாளரிடமிருந்து போன்.

"டேய், போட்டோ ஒண்ணும் சட்டுனு திறக்க மாட்டேங்குது. வைரஸ் ஏதாச்சும் இருக்குமாடா?"

"நேத்து ஏத்தின கணக்கு ஃபைலு?"

"அதெல்லாம் டக்குடக்குனு வருது. பழசுதான் மொரண்டு பிடிக்குது."

கேட்டவுடனேயே விஷயம் புரிந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். புது ஃபைல் நொடிக்கு 400 எம்.பி. வேகத்தில் வருகிறது, 2018-ல் ஏற்றியவை 30-ல் நொண்டுகின்றன. ஐந்து வருஷமாகத் தட்டு கிட்டத்தட்ட மின்சாரத்தையே பார்க்கவில்லை. முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறு ஹார்டு டிஸ்க்குக்கு நகல் எடுத்தோம். காலையில் தொடங்கியது, ராத்திரி ஆகிவிட்டது. படங்கள் எல்லாம் வந்துவிட்டன. ஒரே ஒரு ஃபைல் மட்டும் எத்தனை முறை முயன்றும் பாதியில் நின்றது. அது நம் இயற்பியல் பேராசிரியர் தம் முதல் நாள் வகுப்பைப் பற்றிப் பேசிய பதிவு. அவர் மறைந்து அப்போது இரண்டு வருஷம்.

நல்ல வேளையாக, பதிவு செய்த அன்றே அவருடைய மகள் ஒரு நகல் வாங்கிவைத்திருந்தார். கேட்டவுடன் அனுப்பினார். அந்த ஒரு நகல் இல்லாதிருந்தால் அவர் குரல் பாதியோடு போயிருக்கும். பிறகு தட்டிலிருந்ததை முழுவதும் அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினோம். அதே தட்டு, அதே படங்கள். இப்போது 400-ல் வருகின்றன.

எத்தனை நாள் தாங்கும்?

சிப் நிறுவனங்களின் பொதுத் தர அமைப்பான ஜெடெக் 2010-ல் ஒரு வரையறை வகுத்தது. அதன்படி, சாதாரண எஸ்.எஸ்.டி. ஒன்று தன் எழுத்து ஆயுள் முழுவதையும் செலவழித்த பிறகும், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஒரு வருஷம் தகவலைக் காக்க வேண்டும். அலுவலகப் பெருங்கணினிகளுக்கான தட்டு 40 டிகிரியில் மூன்று மாதம் காத்தால் போதும். 2015-ல் இந்தக் கணக்கைத் தப்பாகப் புரிந்துகொண்டு, "கரண்ட் இல்லாமல் வைத்தால் ஒரு வாரத்தில் எல்லாம் போய்விடும்" என்று உலகம் முழுக்க ஒரு பீதி கிளம்பியது. அது தேய்ந்து ஓய்ந்த தட்டுக்கும் கடும் சூட்டுக்குமான கணக்கு. அதிகம் எழுதாத தட்டு இதைவிட வெகுகாலம் தாங்கும்.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே அட்டவணையில், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் சுமார் 5 டிகிரி ஏறினால் தாங்கும் காலம் ஏறத்தாழ பாதியாகிறது. நம் ஊர் மே மாதத்தில், மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில், இரும்புப் பீரோவுக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

வீட்டில் எஸ்.எஸ்.டி. வைத்திருக்கும் நண்பர்களுக்கு, அனுபவத்தில் கண்ட சில யோசனைகள்:

முதலில் சோதனை. இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தைய பெரிய ஃபைல் ஒன்றையும், இன்று ஏற்றிய அதே அளவு ஃபைல் ஒன்றையும் வேறு தட்டுக்கு நகல் எடுத்துப் பாருங்கள். நேரம் பல மடங்கு வித்தியாசப்பட்டால் எழுத்து மங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்து, எதையும் தொடுவதற்கு முன் முழு நகல். அது முடிந்த பிறகே மற்ற வைத்தியம். தயாரிப்பாளர் புது ஃபர்ம்வேர் வெளியிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பிறகு தகவலை அழித்துத் திரும்ப ஏற்றுங்கள். தட்டிலேயே வைத்துப் படித்துத் திரும்ப எழுதும் மென்பொருள்களும் உண்டு. ஹார்டு டிஸ்க் காலத்து ஸ்பின்ரைட்டின் 2024-ல் வந்த 6.1 பதிப்பைப் பலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். "அடிக்கடி எழுதினால் எஸ்.எஸ்.டி. தேயாதா?" என்பீர்கள். தேயும்தான். ஆனால் முழுத் தட்டையும் பல நூறு முறை எழுதலாம். வருஷத்துக்கு ஒரு முறை என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

வெறுமனே கரண்ட் கொடுத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். எல்லாத் தட்டுகளும் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்ற உறுதி கிடையாது. திரும்ப எழுதுவதே நிச்சயம். கார், பரண், மாடி அறை ஆகியவற்றில் தட்டை வைக்காதீர்கள். நெடுங்காலம் எடுக்காமல் வைக்கப்போகும் தகவலுக்குப் பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல், வேறு வீட்டில் ஒரு நகல் கட்டாயம்.

நம் முன்னோர் ஓலைச் சுவடியை இப்படித்தான் காத்தார்கள். ஓலை செல்லரிக்கும் முன்னே புது ஓலையில் பெயர்த்து எழுதினார்கள்; எழுத ஆளில்லாத வீட்டுச் சுவடிகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. ஏடு ஓலையானாலும் சிலிக்கானானாலும் பெயர்த்து எழுத ஒரு ஆள் வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஆண்டும் பொதுக்குழு கூடும் நாளில், வரவு செலவுக் கணக்கு வாசிப்பதோடு, படத் தட்டையும் ஒரு முறை முழுவதும் பெயர்த்து எழுதுவதை வழக்கமாக்கலாம். அன்று வருகிற ஒவ்வொரு பேட்சும் ஒரு நகல் எடுத்துச் செல்லட்டும். நமக்கடுத்த பேட்ச் இளைஞர்கள் இதைப் பொறுப்பேற்க முன்வந்தால் தட்டைக் கொடுக்க நான் தயார். பேராசிரியரின் குரலும் அதில் முழுசாக இருக்கிறது. ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.